‘குட் ஃபெய்த் எஃபர்ட்’: எப்படி எழுதுவது, எங்கே எழுதலாம்?

(இணைய மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கடைசிப்பக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். ஓர் ஆங்கிலப் புத்தகத்துக்குப் பதிப்பு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் 41 பழைய புகைப்படங்கள் வருகின்றன. 29 படங்களுக்கு எடுத்தவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ அனுமதி வாங்கியாயிற்று. மீதி 12 படங்கள் யாருடையவை என்றே பிடிபடவில்லை. தேடினோம், கிடைக்கவில்லை என்று புத்தகத்தின் கடைசியில் ஒரு குறிப்பு போட வேண்டும். நான் எழுதிய வரி இது:

“வீ டுக் குட் ஃபெய்த் எஃபர்ட்ஸ் டு ட்ரேஸ் தி ஓனர்ஸ் ஆஃப் தீஸ் போட்டோகிராஃப்ஸ்.”

மெய்ப்பு பார்த்தவரிடமிருந்து தாள் திரும்பி வந்தது. ‘டுக்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். ‘குட்’டுக்கும் ‘ஃபெய்த்’துக்கும் நடுவே பென்சிலால் ஒரு சிறு கோடு. அந்தத் தொடர் முழுவதற்கும் அடிக்கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. விளக்கம் எதுவும் எழுதவில்லை. அவரிடமே கேட்டுவிடலாம்தான், ஆனால் அதற்கு முன் எனக்கு விஷயம் புரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோடு கட்டாயமா? ‘டுக்’கில் என்ன தப்பு? அப்புறம் அந்தக் கேள்விக்குறி எதைக் கேட்கிறது? ‘மனப்பூர்வமாக முயன்றோம்’ என்பதைத்தான் நான் சொல்ல நினைத்தேன்.

ஒற்றெழுத்து:

முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன், மெய்ப்புதான் என் பிழைப்பு.

‘டுக்’ நம் தமிழிலிருந்து நழுவி விழுந்த சொல். நாம் ‘முயற்சி எடுத்தோம்’ என்கிறோம். அந்த ‘எடு’ ஆங்கிலத்துக்குள் போகும்போது ‘டேக்’ ஆகிவிடுகிறது. ‘முயற்சி செய்தோம்’ என்று நினைப்பவர் ‘டிட்’ போடுவார். இரண்டும் ஆங்கிலத்தில் ஒட்டாது. எஃபர்ட்டோடு சேரும் வினை ‘மேக்’தான்: ‘மேட் அன் எஃபர்ட்’. ‘டேக்’கைச் சேர்த்துக்கொள்ளும் அக்கம்பக்கத்துச் சொற்களும் இருக்கின்றன. ‘டேக் பெயின்ஸ்’, ‘டேக் ட்ரபிள்’ என்பார்கள். எஃபர்ட் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. நானும் பல வருஷம் ‘டுக் எஃபர்ட்ஸ்’ என்று எழுதிக்கொண்டிருந்தவன்தான். யாராவது வட்டம் போடும்வரை கண்ணிலேயே படாது.

கோட்டுக்கு வருகிறேன். ‘குட் ஃபெய்த்’ என்பது பெயர்ச்சொல்லாகத் தனியே நிற்கும்போது கோடு வேண்டாம். ‘வீ ஆக்டட் இன் குட் ஃபெய்த்’ என்பதில் இரண்டும் தனித்தனிச் சொற்கள். அதே ஜோடி இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து அடைமொழியாக நின்றால் இரண்டையும் கோட்டால் கட்ட வேண்டும்: ‘எ குட்-ஃபெய்த் எஃபர்ட்’. ஆங்கிலப் பதிப்பாளர்கள் பலர் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு சொல்லும் பொது விதி இதுதான். பெயருக்கு முன்னால் வரும் கூட்டுச்சொல்லுக்குக் கோடு போடு, பின்னால் வந்தால் விட்டுவிடு.

காரணம் எளிது. கோடு இல்லாவிட்டால் ‘குட்’ எதைத் தழுவுகிறது என்று கண் ஒரு கணம் தடுமாறும். நல்ல என்பது நம்பிக்கைக்கா, முயற்சிக்கா? நம்மிடம் ஒற்றெழுத்து செய்கிற வேலையை அங்கே அந்தக் கோடு செய்கிறது. ‘வேலை தேடு’ என்றால் உத்தியோகம் தேடு. ‘வேலைத் தேடு’ என்றால் வேலாயுதத்தைத் தேடு. ஒரே ஒரு ‘த்’ பொருளையே மாற்றிவிடுகிறது. ஒற்று மிகுமா மிகாதா என்று யோசித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கோடு சீக்கிரம் கைவரும்.

மேசைவிளக்கு:

எனக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. ‘இன் எ குட் ஃபெய்த்’ என்று எழுதியதற்கு ஒரு தடவை திருத்து வாங்கினேன், ‘எ’ வரக்கூடாது என்று. சரி என்று அதன் பிறகு எல்லா இடத்திலும் ‘எ’யை எடுத்துவிட்டேன். அடுத்த முறை ‘இன் குட்-ஃபெய்த் எஃபர்ட் டு ரிசால்வ்’ என்று எழுதியபோது ‘எ’ எங்கே என்று கேட்டார்கள். ஒரு நாள் வேண்டாம், ஒரு நாள் வேண்டும் என்றால் எதைப் பின்பற்றுவது?

ஒற்றெழுத்து:

இரண்டு திருத்தமும் சரி. அந்த ‘எ’ யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள்.

ஃபெய்த்தை எண்ண முடியாது. ஆகவே ‘இன் குட் ஃபெய்த்’ என்பதோடு வாக்கியம் நின்றுவிட்டால் ‘எ’ வராது. எஃபர்ட்டை எண்ணலாம். ‘இன் எ குட்-ஃபெய்த் எஃபர்ட் டு ரிசால்வ்’ என்பதில் வரும் ‘எ’ எஃபர்ட்டுடையது. நடுவில் குட்-ஃபெய்த் வந்து நிற்பதால் அதற்குச் சொந்தம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான். பன்மையில் ‘குட்-ஃபெய்த் எஃபர்ட்ஸ்’ என்றால் ‘எ’ போய்விடும். ‘எ குட்-ஃபெய்த் எஃபர்ட்ஸ்’ என்று இரண்டையும் கலந்து எழுதுவதுதான் நான் அதிகம் திருத்துகிற பிழை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘இன்’ இருக்க வேண்டிய இடத்தில் சிலர் ‘ஆன்’ போடுகிறார்கள். ‘ஆன் ஃபெய்த்’ என்பது வேறு. சான்று கேட்காமல் ஒன்றை நம்பி ஏற்றுக்கொள்வது அது. முயன்றவருடைய நேர்மையைச் சொல்ல ‘இன்’தான்.

வழக்குரை:

கோடு பற்றி ஒரு மாற்றுக் கருத்து. ஒப்பந்தங்களிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் ‘குட் ஃபெய்த் எஃபர்ட்’ என்று கோடில்லாமலே ஏராளமாக வருகிறது. அந்தத் துறையில் ‘குட் ஃபெய்த்’ ஒரே சொல்லாக உறைந்துவிட்டது, யாரும் தடுமாறுவதில்லை. அதனால் கோடு இல்லாததைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஆவணத்தில் ஒரு பக்கம் கோட்டோடும் மறுபக்கம் கோடில்லாமலும் வருவதைத்தான் பிழை என்பேன்.

இதன் மூத்த வடிவமான லத்தீன் ‘போனா ஃபிடே’க்கு எங்கே வந்தாலும் கோடு கிடையாது. பெயருக்கு முன்னால் வந்தாலும் அப்படித்தான். பிறமொழித் தொடர்களுக்குக் கோடு போடுவதில்லை என்பது அதே சிகாகோ கையேட்டில் இருக்கிறது. அதை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவதும் தவறு.

இதெல்லாம் எழுத்துக்கூட்டுப் பிரச்சினை. கேள்விக்குறி வேறு எதையோ கேட்கிறது என்று நினைக்கிறேன். நண்பர் ‘மனப்பூர்வமாக முயன்றோம்’ என்று சொல்ல நினைத்தாராம். ‘குட் ஃபெய்த்’துக்கு அந்தப் பொருள் அரைவாசிதான் உண்டு.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் விளங்கும். இந்தியாவின் 1897-ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டம், ஒரு செயல் உண்மையிலேயே நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தால் அது ‘குட் ஃபெய்த்’தில் செய்ததாகும் என்கிறது. அதை அசட்டையாகச் செய்திருந்தாலும் சரிதான் என்றும் சேர்த்துச் சொல்கிறது. 2024 வரை நடப்பில் இருந்த 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டமோ இதற்கு நேர் எதிர். உரிய கவனமும் கருத்தும் இல்லாமல் செய்த எதையும் ‘குட் ஃபெய்த்’தில் செய்ததாகச் சொல்ல முடியாது என்றது. அமெரிக்காவின் சீர்மை வணிகச் சட்டத்தொகுப்பில் முதலில் பொதுவாக இருந்தது நேர்மை என்ற ஒரு நிபந்தனைதான். 2001-இல் முதல் பிரிவைத் திருத்தியபோது, நியாயமான வணிக நெறியையும் கடைப்பிடித்திருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள்.

அதாவது அடிப்படை நேர்மை. கவனமும் சேர வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. எவ்வளவு பாடுபட்டோம் என்ற அளவு அந்தச் சொல்லுக்குள் எங்குமே இல்லை. முழுமூச்சாக முயன்றோம் என்று அளவைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு ‘பெஸ்ட் எஃபர்ட்ஸ்’ இருக்கிறது. இங்கிலாந்தில் ‘பெஸ்ட் எண்டெவர்ஸ்’ என்பார்கள். அந்தத் தொடருக்கு என்ன பொருள் என்று 1911-இல் இரண்டு ரயில்வே நிறுவனங்களுக்கிடையே ஒரு வழக்கு நடந்தது. சொற்கள் என்ன சொல்கின்றனவோ அதுதான் பொருள், இரண்டாந்தர முயற்சி அதில் அடங்காது என்று நீதிமன்றம் சொன்னது.

மேசைவிளக்கு:

அப்படியானால் ‘லெவல் பெஸ்ட்’?

வழக்குரை:

அதுவும் அளவைச் சொல்வதுதான், முடிந்த மட்டும் என்று. பேச்சுக்கு நன்றாக இருக்கும். புத்தகத்தின் பின்குறிப்பில் பொருந்தாது.

இருமொழி:

நான் மொழிபெயர்ப்பு செய்கிறவள். இந்தத் தொடர் வந்தாலே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவேன்.

பலரும் ‘நல்லெண்ண முயற்சி’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் நல்லெண்ணத் தூதர், நல்லெண்ணப் பயணம் என்று நாம் சொல்லும் இடங்களில் எல்லாம் ஆங்கிலத்தில் ‘குட்வில்’ இருக்கிறது. குட்வில் என்பது எதிராளிமேல் வைக்கும் பிரியம். குட் ஃபெய்த்துக்குப் பிரியம் தேவையில்லை. ஒருவரை எனக்கு அறவே பிடிக்காமல் இருக்கலாம், அவரோடு குட் ஃபெய்த்தில் பேச்சுவார்த்தை நடத்தலாம். சொன்னதைச் செய்யும் எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தால் போதும். தமிழில் ஒரே ‘நல்லெண்ணம்’ இரண்டையும் சுமப்பதால், திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘குட்வில் எஃபர்ட்’ என்று எழுதிவிடுகிறோம். ‘நன்னம்பிக்கை’ என்றும் ஒரு சொல் புழங்குகிறது. பொருத்தமானதுதான், ஆனால் படிக்கிறவர் நம்பிக்கையூட்டுவது என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

எனக்கு வழி திறந்தது எதிர்ச்சொல்லிலிருந்து. குட் ஃபெய்த் இல்லாத முயற்சிக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: கண்துடைப்பு. தேடியதாகக் காட்ட ஒரு கடிதம், கூப்பிட்டதாகக் காட்ட ஒரு தவறிய அழைப்பு. ஒப்புக்குச் செய்வது, பேருக்குச் செய்வது என்று இன்னும் எத்தனையோ வைத்திருக்கிறோம். எவ்வளவு உழைத்தார் என்று கண்துடைப்பு கேட்பதில்லை. நாள் முழுக்க அலைந்தும் கண்துடைப்பு செய்யலாம். கிடைத்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தேடினால் எத்தனை கடிதம் போட்டாலும் அது கண்துடைப்புதான். இந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டால் ஆங்கிலத் தொடரின் பொருள் அப்படியே கிடைக்கிறது. குட்-ஃபெய்த் எஃபர்ட் என்றால் கண்துடைப்பு அல்லாத முயற்சி. ‘மெய்யாகவே முயன்றோம்’ என்று நான் மொழிபெயர்ப்பேன். ‘மனப்பூர்வமாக’ என்றால் ஆர்வம் வந்துவிடுகிறது, ‘மெய்யாகவே’யில் உண்மை மட்டும் நிற்கிறது.

நூலகவாசி:

இந்த இழை எனக்கு நேராகத் தொடர்புடையது. ஆவணக் காப்பகத்தில் பழைய படங்களோடு இருப்பவன் நான்.

உரிமையாளர் யாரென்று தெரியாத படைப்புகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் ஒரு நெறியாணை போட்டது. நூலகங்களும் காப்பகங்களும் அப்படிப்பட்ட படைப்பைப் பயன்படுத்தும் முன் என்ன செய்ய வேண்டும் என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு படைப்புக்கும் ‘டிலிஜண்ட் சர்ச்’, அதாவது ஊக்கமான தேடல், நடத்த வேண்டும், அதை ‘இன் குட் ஃபெய்த்’ நடத்த வேண்டும். வழக்குரை மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஊக்கத்துக்கு ஒரு சொல், நேர்மைக்கு ஒரு சொல், இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். ஒன்றிலேயே மற்றது அடங்கிவிடும் என்றால் இரண்டாவதை எழுதியிருக்க மாட்டார்கள்.

அதில் ‘ஒவ்வொரு படைப்புக்கும்’ என்று இருப்பதையும் கவனியுங்கள். மொத்தமாகத் தேடினோம் என்று சொல்லிவிட முடியாது.

மெய்ப்பாளரின் கேள்விக்குறி என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. ‘குட் ஃபெய்த்’ என்பது பெரும்பாலும் இன்னொருவர் நம்மைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல். விக்கிப்பீடியாவில் பங்களிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் உண்டு: எதிரில் இருப்பவர் குட் ஃபெய்த்தில்தான் திருத்தினார் என்று எடுத்துக்கொள். பிறருக்கு நாம் கொடுக்கும் சலுகையாக அது அங்கே இருக்கிறது. அதையே நமக்கு நாமே எழுதிக்கொள்ளும்போது படிப்பவர் மனதில் ‘அப்படியா, என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வி வரும். உங்கள் வரியில் அதற்குப் பதில் இல்லை.

கடைசிப்பக்கம்:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. கண்துடைப்பு என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

ஒரு சந்தேகம் மட்டும். பல ஆங்கிலப் புத்தகங்களில் ‘எவ்ரி எஃபர்ட் ஹாஸ் பீன் மேட் டு ட்ரேஸ் காப்பிரைட் ஹோல்டர்ஸ்’ என்று ஒரு வரி வழக்கமாக வருகிறதே. என் வரியை விட்டுவிட்டு அதையே போட்டுவிட்டால்?

நூலகவாசி:

போடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்த வரி பிடிக்காது. எல்லா முயற்சியும் செய்தோம் என்று யாராலும் உண்மையாகச் சொல்ல முடியாது. 12 படங்களுக்கு இருக்கிற எல்லா வழியிலும் தேடினால் உங்கள் புத்தகமே வெளிவராது. அந்த வரி சொல்வதைவிடக் குறைவாகத்தான் எல்லோரும் தேடியிருப்பார்கள். ‘குட்-ஃபெய்த் எஃபர்ட்’ அந்த அளவில் அதைவிட அடக்கமானது. இவ்வளவுதான் முடிந்தது, ஆனால் செய்த வரையில் உண்மையாகச் செய்தோம் என்கிறது. ஆகவே தொடரை விடாதீர்கள், பக்கத்திலேயே செய்ததையும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. எந்த வரியைப் போட்டாலும் அது அனுமதிக்கு ஈடாகாது. உரிமையாளர் நாளை வந்து நின்றால் அவருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். குறிப்பின் கடைசியில் தொடர்பு கொள்ளச் சொல்லி முகவரி கொடுப்பது அதற்காகத்தான்.

ஒற்றெழுத்து:

ஆமோதிக்கிறேன். வாக்கிய அமைப்பிலும் அதற்கு இடம் இருக்கிறது. ‘எஃபர்ட் டு’ என்று ஆரம்பித்து நோக்கத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் வினைகளை மட்டும் அடுக்குங்கள்: எழுதினோம், கேட்டோம், பார்த்தோம். அங்கே ‘சின்சியர்லி’, ‘ஜென்யூன்லி’ என்று எதையும் கூடச் சேர்க்காதீர்கள். ‘சின்சியர் குட்-ஃபெய்த் எஃபர்ட்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான நேர்மை என்று ஆகிவிடும்.

இருமொழி:

எனக்கும் ஓர் ஆசை. தமிழ்ப் பதிப்பு வந்தால் அதில் ‘நல்லெண்ண முயற்சி’ வேண்டாம்!

கடைசிப்பக்கம்:

வராது, உறுதியாக.

இரண்டு நாள் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்னபடி, எழுதுவதற்கு முன் 12 படங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்காக என்ன செய்தோம் என்று ஒரு சீட்டு எழுதி வைத்தேன். ஒன்பது படங்களுக்குச் சீட்டு நிரம்பியது. ஒரு படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருந்தது, அந்த முகவரிக்கு எழுதி, கடிதம் திரும்பி வந்து, பக்கத்துக் கடையில் ஆள் விட்டு விசாரித்திருந்தோம். இன்னொன்றை முதலில் அச்சிட்ட பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டியிருந்தோம். படம் இருந்தது, எடுத்தவர் பெயர் போடவில்லை.

மூன்று படங்களுக்குச் சீட்டில் ஒரே வரிதான் வந்தது: ‘மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை’. மூன்றுக்கும் ஒரே மின்னஞ்சல், ஒரே நாளில், ஒரே முகவரிக்கு. அந்த முகவரி இப்போதும் செயல்படுகிறதா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. அனுப்பியது நான்தான். அப்போது அதை முயற்சி என்றுதான் நினைத்தேன். இருமொழி எழுதியதைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அதனால் இப்போதைக்கு ஒன்பது படங்களுக்கு மட்டும் வரி தயார்:

“வீ மேட் எ குட்-ஃபெய்த் எஃபர்ட் டு ட்ரேஸ் தி ஓனர்ஸ் ஆஃப் தீஸ் நைன் போட்டோகிராஃப்ஸ். வீ ரோட் டு தி ஸ்டூடியோஸ் நேம்ட் ஆன் தி பிரிண்ட்ஸ், செக்ட் தி மேகஸின்ஸ் தட் ஃபர்ஸ்ட் பப்ளிஷ்ட் தெம், அண்ட் ஆஸ்க்ட் தி ஃபேமிலீஸ் ஹூ லெண்ட் தெம் டு அஸ்.”

கீழே முகவரி. மெய்ப்பாளரிடம் காட்டினேன். கேள்விக்குறியை அழிப்பானால் அழித்துவிட்டார், கோட்டின் மேல் மட்டும் பேனாவை ஓட்டினார்.

மீதி மூன்று படங்களை இரவல் கொடுத்த பெரியவரை நாளை போய்ப் பார்க்கிறேன். படத்தில் இருப்பவர்கள் யார், அன்று கேமரா யார் கையில் இருந்தது என்று அவரிடம் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. விவரம் கிடைத்தால் இங்கே வந்து எழுதுகிறேன்.